பன்னிரண்டு வீட்டுத் தீட்டு

தினமும் மாலை ஆறு மணிக்கு நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பொதுக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேசாமல் இருப்போம். இதை முதன்முதலில் பார்த்த பால்காரர், கேனைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஓரமாக உட்கார்ந்திருந்த என் பக்கம் குனிந்து, "யாரும்மா தவறுனது? எப்ப எடுக்குறாக?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. மதுரைப் பக்கத்தில் இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? யாரும் சாகவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். சும்மா உட்காருவதற்கு எதற்குப் பன்னிரண்டு வீட்டு ஆட்களும் ஒன்றுகூட வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மௌனத்தை இங்கே கொண்டுவந்தவள் நான்தான். தல்லாகுளத்தில் பிறந்து வளர்ந்தவள். இருபது வருடங்களாக டென்மார்க்கில், ஆர்ஹுஸ் நகரத்துக்கு வெளியே, கோஹவுசிங் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். அங்கே ஒவ்வொருவருக்கும் தனி வீடு உண்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பெரிய வீடு. அதை ஃபெல்லஸ்ஹூஸ் என்பார்கள். வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் சாப்பாடு, பண்டிகையும் அங்கேதான். ஆறு வருடங்களுக்கு முன்னால் என் அண்ணன் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவரும் நண்பர்களும் சேர்ந்து அலங்காநல்லூர் ரோட்டில், வாழைத் தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இதே மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். அதில் ஒரு வீடு எனக்கும் என் கணவருக்கும். வேலையை விட்டதும் இங்கேயே வந்துவிடுவது என்று திட்டம். அதுவரை ஒவ்வொரு மார்கழியும் நான் மட்டும் வந்து தைப் பொங்கல் வரை இருந்துவிட்டுப் போவேன். சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது 'பன்னெண்டு வீடு'.

கோஹவுசிங்கில் குடியிருந்தவள் என்பதால் இங்கே எனக்கு ஒரு நிபுணர் பட்டம் கிடைத்தது. நானும் வெட்கமில்லாமல் அதை வாங்கிக் கொண்டேன். பொதுக்கூடத்தில் எந்தச் சாமி படம் மாட்டுவது என்று மூன்று கூட்டம் போட்டும் முடிவாகாதபோது, படமே வேண்டாம், மௌனமாக உட்காருவோம் என்றது நான். கூட்டங்களுக்கு அட்டை முறை கொண்டுவந்ததும் நான்தான். சம்மதம் என்றால் பச்சை, தயக்கம் என்றால் மஞ்சள், கூடாது என்றால் சிவப்பு. டென்மார்க்கில் ஒரு சிவப்பு அட்டை எழுந்தால் அதற்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள். இங்கே சிவப்பு அட்டைகள் வாங்கிய அன்று இருந்த மாதிரியே புத்தம் புதிதாக இருக்கின்றன. முகத்துக்கு நேரே ஒருவரை மறுத்துச் சொல்வது நம்மவர்களுக்கு ஆகாது. கூட்டத்தில் எல்லாம் பச்சையாகவே எழும். பிறகு செருப்பு மாட்டும் இடத்தில் உண்மையான கூட்டம் நடக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பச்சைகளை நம்பினேன் என்பதுதான் என் முட்டாள்தனம்.

எங்கள் பன்னிரண்டு வீடுகளும் ஒரு நடைபாதைக்கு இருபுறமும் ஆறு ஆறாக, எதிரும் புதிருமாக இருக்கின்றன. என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு செல்வராணி அக்காவுடையது. அவருடைய கணவர் பாண்டி அண்ணன் மின்வாரியத்தில் இருந்தவர். பல்பு மாட்டுவதிலிருந்து மோட்டார் ஓட்டுவது வரை இங்கே எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொங்கல் அவருடையது. பன்னிரண்டு வீட்டுப் பானைகளையும் நடைபாதையில் ஒரே வரிசையாக வைக்கச் செய்தவர் அவர். தங்கள் வழக்கத்தில் இல்லையென்று தயங்கிய நூர்ஜஹானிடம், "சாமிக்கு வைக்க வேணாம் தங்கச்சி, சாப்புடுறதுக்கு வையி. அரிசிக்கு என்ன சாதி தெரியும்?" என்று சொல்லிப் பானை வைக்கச் செய்தவரும் அவர்தான். பானை பொங்கும்போது பெண்கள் குலவையிட, இவர் அதைவிடச் சத்தமாக விசில் அடிப்பார்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தபோது பாண்டி அண்ணன் காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று நடந்ததையெல்லாம் எழுத எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்று எடுக்கும்வரை பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. யாரும் கூட்டம் போட்டு அதை முடிவு செய்யவில்லை. எடுத்து முடித்து, குளித்துவிட்டு வந்த பிறகு நூர்ஜஹான் வீட்டிலிருந்து எல்லோருக்கும் சோறும் ரசமும் வந்தன. திருநெல்வேலியில் இருக்கும் பாண்டி அண்ணனின் ஒரே மகள் மகேஸ்வரி வந்து அம்மாவுடன் தங்கினாள்.

மூன்றாம் நாள் மகேஸ்வரி என் வீட்டு வாசல் திண்டில் வந்து உட்கார்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடப்போவதாகச் சொன்னாள். "அப்பா இருந்தாரு, சரி. இனிமே அம்மா இங்க யாரை நம்பி இருக்கும் ஆன்ட்டி? சொந்தமா, பந்தமா? நீங்கல்லாம் நல்லவங்கதான், இல்லங்கல. ஆனா நீங்க எங்கம்மாவுக்கு யாரு?" என்றாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்காவுக்குப் போக விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும். திருநெல்வேலியில் மகளின் மாமனார், மாமியார் இருக்கும் வீட்டில், ஒரு அறையில், இன்னொருவர் அடுப்படியில் அனுமதி கேட்டுக் காப்பி போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கணவர் போனதும் ஒரு பெண் இங்கே இருக்க முடியாது என்றால், இந்தப் பன்னிரண்டு வீடு வெறும் நல்ல காலனிதான். நாளை எனக்கும் அதே கதிதான். நான் எதை நம்பி அங்கே வேலையை விட்டுவிட்டு வருவது?

அக்காவை எப்படி இங்கேயே இருத்திக்கொள்வது என்று யோசித்தபோது எனக்கு கிர்ஸ்டன் ஞாபகம் வந்தாள். ஆர்ஹுஸில் நாங்கள் குடியேறிய இரண்டாம் வருடம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, பக்கத்து வீட்டு கிர்ஸ்டனின் கணவர் இறந்துபோனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். மூன்று நாளும் மூன்று வேளையும் தூக்குச்சட்டியோடு போய் நின்றேன். நான்காம் நாள் கிர்ஸ்டன் கதவைப் பாதி திறந்து, மிகுந்த மரியாதையோடு, "வசந்தி, எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றாள். அதோடு விட்டேனா? கிறிஸ்துமஸ் அன்று ஃபெல்லஸ்ஹூஸில் நடுவே மரத்தை வைத்து, எல்லோரும் கைகோத்துப் பாடிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்கள். கணவரைப் புதைத்து இரண்டு நாள்கூட ஆகாத கிர்ஸ்டனும் அந்த வட்டத்தில் இருந்தாள். பக்கத்தில் வந்தபோது என்னையும் சேர்த்துக்கொள்ளக் கையை நீட்டினாள். துக்க வீட்டுக்காரி ஆடும்போது கூடவே ஆடுவதா என்று எனக்கு உடம்பு கூசியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவளுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தேன். அவளோ, தன் கையைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள். "என்மேல் உனக்கு என்ன கோபம்?" என்று மறுவாரம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தீட்டு என்பதை டேனிஷ் மொழியில் விளக்க முயன்று, அதை இன்னும் மோசமாக்கினேன். அசுத்தம் என்று அவள் புரிந்துகொண்டாள். மறுவருடம் நானே போய் அவள் கையைப் பிடித்து மரத்தைச் சுற்றினேன். துக்கத்தில் இருப்பவரைத் தனியே விடக் கூடாது, வட்டத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

அந்தப் பாடத்தை அப்படியே அலங்காநல்லூர் ரோட்டுக்கு இறக்குமதி செய்தேன். பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு அண்ணன் கூட்டம் போட்டார். நான் எழுந்து நீளமாகப் பேசினேன். பதினோரு பானை நடைபாதையில் பொங்க, பாண்டி அண்ணன் வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க நாம் விடலாமா? இந்தப் பொங்கலைத் தொடங்கி வைத்தவரே அவர்தானே? அக்காவுக்கும் ஒரு பானை வைப்போம், வரிசையில் முதல் பானையாக வைப்போம், நாம் எல்லோரும் கூட நிற்போம் என்றேன். மற்றப் பத்து வீட்டுப் பச்சை அட்டைகளும் எழுந்தன. மஞ்சள்கூட இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் சோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சிம்மக்கல் போய்ப் புதுப் பானை, மஞ்சள் கொத்து, அச்சுவெல்லம் எல்லாம் வாங்கி வந்து, பானையோடு நேராக செல்வராணி அக்கா வீட்டுக்குள் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தில் பேசியதை மறுபடி ஒருமுறை பேசினேன். முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவரு போயி இன்னும் காரியம்கூட ஆகல. என்னையப் பொங்கப் பானை வைக்கச் சொல்றியே தாயி. அம்புட்டு சுளுவா அந்த மனுசன் போனது?" என்றார். பிறகு, "பெத்த மக ஊருக்கு வான்னு கூப்புடுறா, நீ பானையை வையிங்குற. என்னையக் கொஞ்ச நாளு இப்பிடியே உக்காந்திருக்கத்தான் யாரும் விட மாட்டேங்குறீக" என்று சொல்லி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். மகேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இவர்களோடா அம்மாவை விட்டுவிட்டுப் போவது என்பதுதான் அதில் இருந்தது.

பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கிர்ஸ்டனிடம் தீட்டைக் கொண்டுபோனேன், செல்வராணியிடம் கிறிஸ்துமஸ் மரத்தைக் கொண்டுவந்தேன். எந்த ஊருக்கு எது வேண்டுமோ அதை மாற்றிக் கொடுப்பதே என் வேலையாகப் போய்விட்டது. அண்ணனிடம் போய் எல்லாம் சொல்லி, மறுபடி கூட்டம் போடலாம், பொங்கலை நிறுத்திவிடலாம் என்றேன். அவர் பேப்பரைத் தாழ்த்தாமலே, "நேத்தே ஒனக்குப் பச்சை காட்டியாச்சு. இன்னும் எத்தனை கூட்டம் போடுவ? பேசாம இரு, வசந்தி" என்றார். உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் சிவப்பைக் காட்டியிருக்கலாமே என்று கத்தினேன். "வருசத்துல ஒரு மாசம் வர்ற புள்ள. ஆசையாப் பேசுற. எப்பிடி உம் மூஞ்சிக்கு நேரா வேணாம்ங்குறது?" என்றார். அந்த ஒரு மாசம் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மற்றவர்கள் எப்படியோ போகட்டும், என் வீட்டில் பானை இல்லை என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் தல்லாகுளத்திலிருந்து என் கணவரின் அக்கா போன் செய்தார். ஒவ்வொரு வருடமும் இங்கே காலையில் பானை இறக்கியதும் நான் அங்கே போய்விடுவேன். குடும்பத்துப் பூசைக்கு மகன் வீட்டுச் சார்பில் நான்தான் நிற்க வேண்டும். "இந்த வருசம் வர முடியாது மதினி. இங்க ஒரு சாவு. தீட்டு" என்றேன். "அய்யய்யோ, யாரு?" என்றார். சொன்னேன். "அவரு ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் என்றேன். "எதுத்த வீட்டுக்காரன் செத்ததுக்கெல்லாம் யாரும் தீட்டுக் காப்பாகளா? பங்காளியா அவரு? என்ன மொறை, அதைச் சொல்லு" என்றார். தமிழில் சின்ன தாத்தாவின் மகளுக்கும் ஒன்றுவிட்ட மாமனின் மருமகனுக்கும் முறை இருக்கிறது. ஒரே கூடத்தில் ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவருக்கு ஒரு முறைப்பெயர் இல்லை. மதினி வருத்தத்தோடு போனை வைத்தார். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தது.

பொங்கல் அன்று விடிந்தும் விடியாமலும் எழுந்து கதவைத் திறந்தேன். மார்கழி முழுக்க எங்கள் நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. பாண்டி அண்ணன் போன பிறகும், அவர்கள் வாசலையும் நூர்ஜஹான் வாசலையும் தவிர மற்ற வாசல்களில் சின்னதாகவாவது கோலம் விழுந்துகொண்டுதான் இருந்தது. பொங்கலன்று கேட்கவே வேண்டாம். கலர்ப்பொடியும் செங்கல் அடுப்பும் கரும்புமாக இருக்கும். இன்று என் வாசல் மட்டும் வெறுமையாகக் கிடக்கப் போகிறது, மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். நடைபாதையில் ஒரு புள்ளி கோலம் இல்லை. எல்லா வாசலும் தண்ணீர் தெளித்துப் பெருக்கியதோடு சரி. செங்கல் இல்லை, கரும்பு இல்லை, பானை இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. எங்கள் பன்னிரண்டு வீடும் சாவு வீடாகவே இருந்தது.

அண்ணன் தன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டேன். "என்ன கூட்டம்? எங்க வீட்ல பானை வைக்க மனசு வரல. அவுகவுக வீட்லயும் அப்பிடித்தான் போல" என்றார். நூர்ஜஹான் வழக்கம்போல எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். "எங்க வாசல்ல எப்பவும் கோலம் கெடையாது, அதனால நான் என்ன செய்யிறதுன்னு தெரியல. இன்னிக்கு இனிப்பு எதுவும் செய்யல" என்றாள். எனக்கு மகிழ்ச்சியை அடக்க முடியவில்லை. துக்க வீட்டில் மகிழ்ச்சி என்று எழுதுவது தவறாகக்கூட இருக்கலாம். ஆனால் இருபது வருடத்தில் முதன்முறையாக, யாரும் எனக்கு விளக்காமல், நானும் யாருக்கும் விளக்காமல், இந்த மனிதர்கள் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மகேஸ்வரி வாசல் தெளிக்க வாளியோடு வந்தாள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே திரும்பி, "அம்மா, இங்க வந்து பாரேன்" என்றாள். செல்வராணி அக்கா வெளியே வரவில்லை. கிரில் கதவுக்குப் பின்னால் வந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மகேஸ்வரி எங்களில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "காரியம் முடிஞ்சதும் நான் மட்டும் போறேம்மா. நீ இங்கயே இரு. நான் மாசாமாசம் வாரேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். நாங்கள் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். நூர்ஜஹான் காப்பி டம்ளரோடு அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அக்கா என் வாசலைப் பார்த்தார். "வசந்தி, ஒன் வாசல் ஏன் தாயி வெறுசாக் கெடக்கு?" என்றார். எல்லார் வாசலும் அப்படித்தானே இருக்கிறது அக்கா என்றேன். "அவுக இங்கயே கெடக்குறவுக. நீ நாளன்னிக்குப் பிளேன் ஏறப்போற. கடல் தாண்டிப் போற புள்ள, நல்ல நாளும் அதுவுமா, தீட்டு வாசல்லருந்து கெளம்பலாமா? எந் தீட்டு ஒனக்கு வேணாம்டி. ஒரு கோலத்தப் போட்டுட்டு தல்லாகுளத்துக்குப் போ. ஒன் மாமியா வீட்ல பானை பொங்கட்டும்" என்றார். இல்லை அக்கா, நானும் உங்களோடுதான் என்றேன். "எனக்குத் தெரியாதா? அதான் சொல்றேன். நீ நல்லா இருக்கணும். போடு" என்றார். அண்ணன் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா வாய்விட்டுச் சொல்லுதுல்ல, போடு" என்றார். நூர்ஜஹானும் தலையை ஆட்டினாள். ஒருவர் முகத்திலும் என்னை விலக்கிவைக்கும் எண்ணம் துளிகூட இல்லை. இருந்தது எல்லாம் பிரியம்தான். அதை எதிர்த்து என்னால் சண்டை போட முடியவில்லை.

உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். கண் மறைத்ததில் புள்ளி இரண்டு முறை தப்பியது. அவரவர் வாசலில் நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து நான்கு புள்ளி வைத்து, ஒரு சின்னப் பூப் போட்டு முடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வெயில் நடைபாதைக்குள் இறங்கியிருந்தது. பன்னிரண்டு வாசலில் என் வாசலில் மட்டும் கோலம் இருந்தது.